அன்ரிக்குக் கார் பழக்கிய ஜேர்மன்காரன்

கனடாவுக்கு வந்த மூன்றாவது வாரம் நான் செய்த ஒரே கெட்டித்தனம், என் ஜேர்மன் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இங்கத்தைய லைசென்ஸ் ஒன்றை வாங்கியது. அதைவிடப் பெரிய மடைத்தனம், அதை வீட்டில் போய்ச் சொன்னது.

லைசென்ஸ் கந்தோரில் இருந்த பெண் என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள் கண்ணை வைக்கச் சொல்லி எழுத்துகளை வாசிக்க வைத்தார். படம் எடுத்தார். அந்தப் படத்தில் நான் பஸ்ஸில் பொக்கற் அடித்துப் பிடிபட்டவன்போல இருக்கிறேன். அவ்வளவுதான். எழுத்துப் பரீட்சையும் இல்லை, ஓடிக்காட்டவும் தேவையில்லை. ஜேர்மனியில் கார் ஓடியவன் இங்கேயும் ஓடுவான் என்று இரண்டு அரசாங்கங்களும் தங்களுக்குள் பேசி முடித்திருந்தன. என்னைக் கேட்டிருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

உண்மை என்னவென்றால், ஜேர்மனியில் லைசென்ஸ் எடுத்த பிறகு நான் ஒரே ஒருநாள்தான் வாகனம் ஓடினேன். நான் இருந்த கட்டடத்திலிருந்து ஒரு நண்பன் வீடு மாறினான். அவனுடைய சோபாவை ஏற்ற ஒரு வான் வாடகைக்கு எடுத்தோம். ரிவேஸ் எடுக்கும்போது கடதாசிக் குப்பை போடும் தொட்டியில் இடித்துவிட்டேன். தொட்டி சரிந்தது. கீழ்வீட்டு அம்மா ஓடி வந்தார். தொட்டி நெளிந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடதாசித் தொட்டிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் போத்தல் உருண்டு வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போத்தலைப் போட்டது யார் என்று இரண்டு வாரம் அந்தக் கட்டடம் முழுக்க விசாரணை நடந்தது. போத்தல் என்னுடையது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் ரயிலில் போனேன். லைசென்ஸ் மட்டும் பேர்சுக்குள் இருந்தபடி அனுபவம் சேர்த்துக்கொண்டது.

இப்போது நான் குடியிருப்பது வெக்ஸ்போர்ட்டில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில். மேலே அன்ரியும் அங்கிளும். இரண்டு பேரும் மட்டக்களப்புப் பக்கம். நானும் அந்தக் கரைதான் என்பதால் அறை பார்க்கப் போனபோது என் வேலையைப் பற்றி அவர்கள் விசாரிக்கவில்லை. ஊரில் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவோம் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திறப்பைக் கையில் தந்தார்கள். என் ஜன்னல் புல்லின் மட்டத்தில் இருக்கிறது. உலகத்தை நான் முழங்காலுக்குக் கீழேதான் பார்க்கிறேன். காலையில் அங்கிளின் செருப்புக்குள் சொக்ஸ் தெரிந்தால் குளிர்; வெறுங்கால் தெரிந்தால் வெயில்.

வேலை யூனியன்வில்லில். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிச் சொல்வது. நாள் முழுக்க அடுத்தவனின் பிழையைப் பிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். ஊரில் என் மாமிமார் இதை இலவசமாகவே செய்தார்கள். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், வோர்டன் வீதிப் பஸ்ஸில். பஸ் ஜன்னலோரம் இருந்து கார்க்காரர்களைப் பார்ப்பதும், அவர்கள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பிப் போவதைக் கண்டு "என்ன ஒழுங்கில்லாத சனமப்பா" என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்வதும் என் காலை வழக்கம். ஒரு வருடமாக இப்படி ஒரு நகரத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன்.

ஜேர்மனியில் ஏழு வருடம் இருந்ததில் எனக்கு இரண்டு வியாதிகள் தொற்றியிருந்தன. ஒன்று, சொன்ன நேரத்துக்குப் போவது. இங்கே வந்த புதிதில் அங்கிளின் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஆறு மணி என்று போட்டிருந்தார்கள். நான் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்விட்டேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆறரைக்குப் பலூன் கட்டுகிறவர் வந்து, என்னை ஏணியைப் பிடிக்கச் சொன்னார். ஒன்பது மணிக்குக் கேக் வெட்டும்போது, நான் மண்டபத்தில் வேலை செய்கிறவன் என்று நினைத்து ஒருவர் என்னிடம் இரண்டு கதிரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது வியாதி, விதி இருந்தால் அதைக் கண்ணை மூடி நம்புவது. விதி தெரியாவிட்டால், ஜேர்மனியில் என்ன விதியோ அதுதான் உலகத்துக்கும் விதி என்று எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வியாதியால்தான் அன்ரிக்கு வினை வந்தது.

வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அது நான் சம்பாதித்ததல்ல, ஜேர்மனிக்காரர்கள் பல வருடமாகச் சம்பாதித்தது. நான் சுவரில் ஆணி அடித்தால், "ஜேர்மனியில பழகினவன், பார் எவ்வளவு நேரா அடிச்சிருக்கிறான்" என்பார் அங்கிள். ஆணி நேராக இருக்காது. அவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவருடைய ஒரு கண்ணில் பார்வை மங்கி, மற்றதிலும் தொடங்கியிருந்தது. கண் டொக்டர் இனிமேல் கார் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் கார் வீட்டு முன்னால் நின்றபடியே நின்றது.

அன்ரி சாப்பாடு தருவதென்றால் மேல்படியில் நின்று கூப்பிடுவார். கோப்பையோடு கீழே இறங்கி வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் பின்னேரம் பிட்டும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். என் கட்டிலில் கிடந்த உடுப்புகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"மனே, சாப்பிட்டுக்கொண்டே கேள். ஞாயிற்றுக்கிழமை காலமை உனக்கு என்ன வேலை?"

"உடுப்புத் தோய்க்கிற வேலை, அன்ரி."

"உடுப்பு எங்கயும் ஓடாது. என்னோட காரில வந்து இரு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அன்ரி அப்போது ஐஸில் போட்ட மரக்கறி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நின்று வேலை செய்தார். தெருமுனையில் ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு சோடி கையுறை போட்டாலும் விரல் விறைத்துவிடும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சூடு தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். இப்போது றிச்மண்ட் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. அங்கே இருக்கும் தமிழ் ஆட்களுக்கு ரொட்டித்துண்டும் சூப்பும் இறங்கவில்லையாம். சோறு கறி சமைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். சூடான சமையலறை, நிரந்தர வேலை. ஆனால் காலை ஆறரைக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் கிடையாது. அடுத்த மாத முடிவுக்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று அங்கத்தைய மனேஜர் சொல்லியிருந்தார்.

அன்ரியிடம் இருந்தது எழுத்துப் பரீட்சை மட்டும் பாஸ் பண்ணினால் தருகிற முதல்படி லைசென்ஸ். பக்கத்தில் முழு லைசென்ஸ்காரன் ஒருவன் இருந்தால்தான் ஓடலாம். தனியாக ஓட ரோட்டு ரெஸ்ற் பாஸ் பண்ண வேண்டும். அதில் ஏற்கெனவே இரண்டு தடவை பெயில்.

"டிரைவிங் இன்ஸ்ரக்ரரோட போகலாமே அன்ரி?"

"அவரோட பழகித்தானே ரெண்டு தரமும் பெயிலானன். அந்த மனுசன் எனக்குப் பழக்கிற நேரத்தில போனில மகளுக்குச் சம்பந்தம் பேசுறார். 'நிப்பாட்டு, நிப்பாட்டு' எண்டு எனக்குச் சொல்றாரோ மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றாரோ எண்டு விளங்கேல்ல."

"அங்கிளின்ட கூட்டாளிமார் ஆரும்?"

"அவங்கள் எல்லாரும் பெஞ்சாதிமாருக்குக் கத்திக் கத்திப் பழக்கின ஆக்கள். நீ ஜேர்மனியில ஓடினவன்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறையப் பிட்டு இருந்தது. பிட்டு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

முதல் ஞாயிறு பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வெறும் கார் தரிப்பிடத்துக்குப் போனோம். அங்கிள் வருவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அன்ரி அவரைப் பார்த்து, "நீங்க வாறதெண்டா நான் பஸ்ஸில போறன்" என்றார். அங்கிள் சப்பாத்தைக் கழற்றினார்.

காருக்குள் ஏறியதும் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு விமானியின் குரலில், "முதலில கண்ணாடியைச் சரி பண்ணுங்க அன்ரி" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே பாடம். அன்ரி சரி பண்ணினார். பிறகு கார் அசைந்தது. என் வலது கால் தானாகவே முன்னால் போய், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. அடுத்த ஒரு மணித்தியாலமும் மிதித்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை, ஏதோ சாதாரணமாகக் கை ஓய்வெடுப்பதுபோலப் பிடித்திருந்தேன். குரல் மட்டும் இறங்கவில்லை. "நல்லது. அப்படித்தான். இன்னும் கொஞ்சம் மெதுவா." மணித்தியாலத்துக்குப் பத்துக் கிலோமீற்றரில் போகும் ஒருவரை இன்னும் மெதுவாகப் போகச் சொன்ன குரு நானாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாரம் சந்திகள் உள்ள தெருக்களுக்கு இறங்கினோம். நாலு பக்கமும் நிறுத்தற் பலகை போட்ட ஒரு சந்தி வந்தது. ஜேர்மனியில் சின்னத் தெருச் சந்திகளில் வலது கைப்பக்கம் இருந்து வருகிறவனுக்குத்தான் முதல் இடம். அதை வரி பிசகாமல் சொல்லிக் கொடுத்தேன்.

"வலது பக்கம் ஆரும் வந்தா விடவேணும் அன்ரி. எத்தனை பேர் வந்தாலும் விடவேணும்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

ஞாயிறு காலையில் அந்தத் தெருவில் வருகிறவர்கள் யாரும் இல்லை. அதனால் என் பாடம் பிழை என்று காட்டவும் யாரும் இல்லை.

லோறன்ஸ் வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்ப நின்றோம். அன்ரி என் பக்கம் பார்த்தார். "இதில பாத்துத் திரும்பலாமெண்டு அந்த இன்ஸ்ரக்ரர் சொன்னவர்."

"சிவப்பு எண்டா சிவப்புத்தான் அன்ரி."

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, நீட்டி அடித்தான்.

"அவனுக்கு அவசரம்," என்றேன். "எங்களுக்கு லைசென்ஸ்."

அன்ரிக்கு அந்த வசனம் பிடித்துவிட்டது. மாலையில் அதை அங்கிளுக்கும் சொல்லிக் காட்டியிருக்கிறார். எந்த இடத்தில் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அங்கேயே திருந்தியிருக்கும். நான்கு ஞாயிறு இப்படிப் போனது. திருப்பம், நிறுத்தம், இரண்டு காருக்கு நடுவில் விடுவது எல்லாம் அன்ரிக்குக் கை வந்துவிட்டது. பயமும் போய்விட்டது. அவருக்குப் போன பயம் எனக்குக் கூடியிருந்தது, ஆனால் அது வேறு கணக்கு.

ரெஸ்ற் நாளன்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு அன்ரியோடு போனேன். பரீட்சகர் ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். கார் அழகாக வெளியே போனது. நான் ரெஸ்ற் நிலைய மண்டபத்துக்குள் இருந்து, என் மாணவியைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். இருபது நிமிடத்தில் வரவேண்டிய கார் நாற்பது நிமிடம் ஆகியும் வரவில்லை.

வந்தபோது அன்ரியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வீட்டில் அங்கிள் பரீட்சகர் தந்த தாளை வாங்கி, ஜன்னலடிக்குப் போய், நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"நாலு பக்கச் சந்தியில தேவையில்லாமல் மறிச்சுக்கொண்டு நிண்டதாம். என்ன நடந்தது?"

அன்ரி சொன்னார். மதிய நேரம், வலது பக்கத்தில் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றையும் போகவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். எதிரே நின்றவர்கள் 'நீ போ' என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். அன்ரியும் மரியாதைக்கு, 'இல்ல, நீங்க போங்க' என்று திருப்பிக் கையைக் காட்டியிருக்கிறார். கலியாண வீட்டில் முதல் பந்திக்கு யார் உட்காருவது என்பதுபோல அந்தச் சந்தியில் ஒரு உபசாரம் நடந்திருக்கிறது. பரீட்சகர் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்.

"சிவப்பில வலது பக்கம் திரும்பாமல் நிண்டதெண்டும் கிடக்கு," என்று அங்கிள் தொடர்ந்தார். "இஞ்ச முதல் வந்தவன் முதல் போறது. சிவப்பில நிப்பாட்டி, பாத்துத் திரும்பலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதெல்லாம் பழக்கேல்லயா?"

கடைசிக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஒரு வருடமாக பஸ் ஜன்னலால் நான் தீர்ப்புச் சொன்ன அத்தனை கார்க்காரர்களும் அந்த நிமிடம் வந்து என் முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி சொன்னார்:

"அவன் எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லித் தந்தவன். நான்தான் பயத்தில மறந்திட்டன்."

அங்கிள் தாளை மடித்து வைத்துவிட்டுப் போனார். அன்ரி எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். அதுதான் என்னைப் பற்றி நான் வெட்கப்படுகிற இடம். பிழையாகச் சொல்லிக் கொடுத்ததையாவது தெரியாமல் செய்தது என்று சொல்லலாம். அந்தச் சோற்றை நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் வேலையில் ஒரு புதுப் பையன் எழுதிய நிரலில் ஏழு பிழை கண்டுபிடித்தேன். எட்டாவதையும் கண்டுபிடித்தேன், ஆனால் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் திரும்பி வந்தேன். அன்ரி பின்வளவில் பாகல் கொடி ஏறுவதற்குத் தடி ஊன்றிக்கொண்டு நின்றார். நான் போய்த் தடியைப் பிடித்துக்கொண்டேன். ஏணி பிடித்த அனுபவம் இருந்தது.

"அன்ரி, நேற்று நீங்க அங்கிளுக்குச் சொன்னது பிழை. மறந்தது நீங்க இல்ல. நான்தான் பிழையாச் சொல்லித் தந்தனான்."

"தெரியும்."

"அது மட்டுமில்ல. ஜேர்மனியில நான் ஒரே ஒரு நாள்தான் ஓடினனான். அண்டைக்கும் ஒரு குப்பைத் தொட்டியில அடிச்சனான்."

அன்ரி கயிற்றை முடிந்துகொண்டே, "அதுவும் தெரியும்" என்றார். "குப்பைத் தொட்டி தெரியாது. ஓடத் தெரியாதெண்டு முதல் நாளே தெரியும். கண்ணாடியைச் சரி பண்ணச் சொல்லிப்போட்டு அடுத்ததா என்ன சொல்றதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தாய். உன்ட கால் வேற, கார்ச் சில்லைவிட வேகமா வேலை செய்தது."

"தெரிஞ்சுகொண்டே ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்க?"

அன்ரி அடுத்த தடியை எடுத்து என் கையில் தந்தார்.

"நீ கத்தேல்ல, மனே. எனக்கு ஓடத் தெரியாமல் இல்ல. பக்கத்தில ஒருத்தர் கத்தினா எனக்குக் கை நடுங்கும். நீ பயந்து செத்துக்கொண்டு இருந்தாய், ஆனா கத்தேல்ல."

"அப்ப அந்தச் சந்தி? சிவப்பு?"

"அது நீ எல்லாரையும்விடக் கூடக் கவனமாச் சொல்றாய் எண்டு நினைச்சன். கூடக் கவனமா இருந்தாப் பெயில் விடுவாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?"

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பக்கத்தில் எந்த நிலையத்திலும் அடுத்த ரெஸ்ற்றுக்கு அதற்குள் இடம் இல்லை. யாராவது தங்கள் நேரத்தை விட்டுக்கொடுத்தால் அது இணையத்தில் வரும். வந்த வேகத்தில் போய்விடும். இங்கேதான் கடவுள் எனக்கு ஒரு வேலை தந்தார். ஒரே பொத்தானை ஆயிரம் தடவை அழுத்திப் பார்ப்பதில் என்னைவிடத் தேர்ந்தவன் இந்த நகரத்தில் குறைவு. பஸ்ஸில் அழுத்தினேன். மதியச் சாப்பாட்டில் அழுத்தினேன். நான்காம் நாள் ஒரு கூட்டத்தில், என் மேலாளர் எதையோ வரைந்து விளக்கிக்கொண்டிருக்க, மேசைக்குக் கீழே அழுத்தியபோது ஓர் இடம் விழுந்தது. மாத முடிவுக்கு இரண்டு நாள் முந்தி, கிழக்கே ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், பெயர் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரில். "உனக்கு இதில் சம்மதமா?" என்று மேலாளர் கேட்டார். எதற்கென்று தெரியாமல் சம்மதம் என்றேன். அதனால் இன்றுவரை வெள்ளிக்கிழமைகளில் ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடைப்பட்ட நாட்களில் ஒன்ராறியோவின் சாரதிக் கையேட்டை வோர்டன் பஸ்ஸில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். பின்னேரங்களில் அன்ரியை அதே நாலு பக்கச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன், சனம் வேலையால் வரும் நேரம் பார்த்து. முதல் வந்தவர் முதல். கையைக் காட்டினால் போய்விட வேண்டும், உபசாரம் கிடையாது. "இது பந்தி இல்ல அன்ரி," என்று நான் சொல்ல, அவர் "சரி, நான் இருந்திட்டன்" என்றபடி சந்தியைக் கடந்தார்.

சின்ன ஊருக்குப் போகிற நாள் அங்கிளும் வந்தார். வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில் பின் சீற்றில் ஏறினார். பெரிய ஹைவேயில் அன்ரியின் லைசென்ஸுக்கு அனுமதி இல்லாததால், வயலும் குதிரைகளும் உள்ள ரோட்டால் போனோம். அங்கிள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கால் ஒரு பெரிய காற்றை இழுத்து விட்டார். கடைசியில் அன்ரி கண்ணாடியில் அவரைப் பார்த்து, "இஞ்ச பாருங்க, மூச்சாலயும் கத்தக்கூடாது" என்றார். மிச்சத் தூரத்துக்கு அங்கிள் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அன்ரி பரீட்சகரோடு போன பிறகு நானும் அங்கிளும் வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு கோப்பிக் கடை, ஒரு உழவு இயந்திரம் திருத்தும் கடை. அங்கிள் அந்த உழவு இயந்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவை எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, இருபத்தி நாலு வருசத்துக்கு முன்ன அவ என்னட்டக் கேட்டவ, கார் பழகவோ எண்டு," என்றார். "நான் இருக்கிறன்தானே, உனக்கென்னத்துக்கு எண்டு சொன்னனான்."

நான் அன்ரி கட்டி எடுத்து வந்த ரொட்டிப் பையை வாங்குக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

"நல்லதுக்குத்தான் சொன்னனெண்டு நினைச்சன்," என்றார். பிறகு, "கார் வருதா பார். என்ட கண்ணுக்கு எல்லாக் காரும் சாம்பலாத்தான் தெரியுது" என்றார்.

எங்கள் கார் சாம்பல் நிறம்தான். அதுதான் வந்தது. உள்ளே பரீட்சகர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அன்ரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் அதே ஆட்டம்தான். பரீட்சகர் இறங்கிப் போனார். அன்ரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கி எங்களிடம் வந்தார்.

அங்கிள் எழும்பி நின்றார்.

"பசிக்குது," என்றார் அன்ரி. "ரொட்டிப் பையை எங்க வச்சீங்க?"

தாளை என் கையில் திணித்தார். நான் வாசித்து, பாஸ் என்று அங்கிளுக்குச் சொன்னேன். அவர் என்னிடமிருந்து தாளை வாங்கி, தானும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அன்ரி கார்ப் பொனற்றில் சாய்ந்துகொண்டு தேங்காய்ப்பூ ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். ரொட்டித்துண்டு இரண்டு தடவை சம்பலுக்குள் போகாமல் வெளியே போனது. திரும்பி வரும்போது, "இனி முன்னுக்கு லைசென்ஸ்காரன் தேவையில்லத்தானே" என்று என்னைப் பின்னால் அனுப்பிவிட்டு அங்கிளை முன்னால் இருத்தினார். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை.

புது வேலையின் முதல் நாள் காலை நான் அலாரம் வைக்காமலே எழும்பிவிட்டேன். வெளிச்சம் வந்திருந்தது. மேலே போனபோது அன்ரி கிளம்பிக்கொண்டிருந்தார். தலையில் போடுகிற வலையைக் கைப்பைக்குள் வைத்தார். நானும் வருகிறேன், முதல் நாள்தானே, என்றேன். அங்கிளும் அதையே சொன்னார்.

"ஒருத்தரும் வரத் தேவையில்ல," என்றார் அன்ரி. "உங்கள் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போனா, அங்க சாப்பிட வந்த ஆக்களெண்டு நினைப்பாங்கள்."

கார் பின்னால் வந்து, நின்று, திரும்பி, தெருமுனையில் மறைந்தது. நாங்கள் இருவரும் உள்ளே வந்து சமையலறை மேசையில் இருந்தோம். அங்கிள் பிளேன்ரீ போட்டார். சீனி போட மறந்துவிட்டார், நான் சொல்லவில்லை. ஐந்து முக்காலுக்குப் போனவர் ஆறேகாலுக்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆறரை ஆனது. போன் வரவில்லை. அங்கிள் போனை மேசையின் நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடேக்க போன் எடுக்கக்கூடாதெண்டு நான்தான் சொன்னனான்," என்றேன்.

"ஓம். நல்லதுதான் சொன்னாய்."

ஏழு மணியானது. நான் போகவேண்டிய பஸ் போய்விட்டிருக்கும். ஜேர்மனியில் ஏழு வருடத்தில் ஒரு நாளும் நான் பிந்தியதில்லை. அது அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"நான் எடுத்தாக் கோவிப்பா," என்றார் அங்கிள். "நீ எடு."

எடுத்தேன். நெடுநேரம் அடித்தது. பிறகு பாத்திரங்கள் மோதுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அதற்கு நடுவே அன்ரியின் குரல், மிகத் தாழ்வாக.

"என்ன மனே? வேலை நேரத்தில எடுக்கிறாய். பருப்பு அடுப்பில கிடக்கு. வை."

போன் நின்றுவிட்டது. அங்கிள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"வேலை நேரமாம், அங்கிள். பருப்பு அடுப்பில கிடக்காம்."

அங்கிள் கையை மேசையிலிருந்து எடுத்தார். பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுழித்தார்.

"வேலை நேரமாம்," என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு எழும்பிச் சீனிப் போத்தலைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.